அம்மா திருவிருந்துக்குப் போகாத மாதங்கள்

ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் எழுத உட்கார்ந்ததும் நன்றிக்கு முன்னால் வெட்கம்தான் வந்து நிற்கிறது. அதை மறைக்காமல் சேர்த்தே எழுதிவிடுகிறேன். இதைப் படிக்கிற நீங்கள் ஒருவேளை எனக்காக உபவாசம் இருந்தவராக இருக்கலாம். அப்படியானால் முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் பிரிசில்லா. மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா தாடிகாவில், அதாவது பாலர் பள்ளியில், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து முன்னால் போய் முழங்கால் போட்டு அப்பமும் ரசமும் வாங்குவோம். போன வருடம் டிசம்பரில் எங்கள் வரிசை எழுந்தபோது அம்மா எழவில்லை. கால் வலிக்கிறதோ என்று நினைத்தேன். ஜனவரியிலும் எழவில்லை. பிப்ரவரியிலும் இல்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவருடைய முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போனோம். திடப்படுத்தல் எடுத்து முதல் அப்பம் வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவையும் திருவிருந்தைத் தவறவிடாதவர் என் அம்மா. அவர் அப்படி உட்கார்ந்ததற்கு நான்தான் காரணம்.

நான் வழக்கறிஞர் ஆக வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எப்போது முடிவானது என்று எனக்கே தெரியாது. பள்ளியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியதும் யாரோ சொல்லிவிட்டார்கள், "வாய் இருக்கு, வக்கீல் ஆகட்டும்" என்று. அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை. சட்டம் படித்தேன். கடைசியில் சி.எல்.பி. என்ற தேர்வு இருக்கிறது. அதைத் தாண்டினால்தான் தொழிலுக்குள் நுழைய முடியும். நல்ல படிப்பாளிகளே தடுக்கி விழுகிற தேர்வு அது. அம்மா எங்கள் சபையின் மாதர் சங்கத்தில் என் பெயரைக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை தோறும் அந்த ஆன்டிகள் மத்தியானம் வரை சாப்பிடாமல் எனக்காக ஜெபித்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள்கூட இருந்தார்கள். நான் தேறினேன்.

முடிவு வந்த வாரமே அம்மா சாட்சி சொல்ல எழுந்தார். "என் மகளை ஆண்டவர் வக்கீலாக்கிட்டார்" என்றார். "இன்னும் பயிற்சி இருக்கு, தெரியும். ஆனா ஆண்டவர் செஞ்சு முடிச்சிட்டார்னு விசுவாசத்துல சொல்றேன். கறுப்பு அங்கி போட்டு இதே இடத்துல நிப்பா." சபையே அல்லேலூயா என்றது. ஆராதனை முடிந்து எல்லாருக்கும் பிரியாணி. எங்கள் மக்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. நடக்காததை நடந்துவிட்டதாக முன்கூட்டியே சாட்சி சொல்லிவிடுவோம். அதைப் பெரிய விசுவாசம் என்று நினைத்துக்கொள்வோம்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மா பொய் பேசமாட்டார். கடனட்டை விற்கிறவர்கள் போன் செய்தால் "அப்பா வீட்ல இல்ல" என்று நான் சொன்னால்கூட, பக்கத்தில் நின்று "இருக்காரு, இருக்காரு" என்று சத்தம் போடுவார். அப்பா தலையில் அடித்துக்கொண்டு போனை வாங்குவார். அப்படிப்பட்டவர் முழுச் சபை முன்னால் சொன்ன வார்த்தை அது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். நாங்கள் அதை சேம்பரிங் என்போம். மூத்த வழக்கறிஞர் ஒருவருக்குக் கீழே ஒன்பது மாதம் வேலை பழக வேண்டும். எனக்கு வாய்த்தவர் கண்டிப்பானவர், ஆனால் நல்லவர். நாங்கள் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், பெண்ணாக இருந்தாலும். காலையில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்து போவேன். வேலையை வெறுக்கவில்லை. சொல்லப்போனால் சுமாராக வந்தது. அதுதான் பிரச்சினை. சுமாராக வந்தது.

அதே சமயத்தில் ஞாயிறு பள்ளியில் நான் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கையில் புத்தகம் இல்லை. நானே ஒன்றைக் கட்டிவிட்டேன். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் செருப்பைத் தொலைத்த ஒரு பெண் பிள்ளை, ஒற்றைச் செருப்போடு கடை கடையாகப் போகிற கதை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு சிறுமி கேட்டாள், "அக்கா, நம்ம பாசார் மாலாம் எல்லாம் தமிழ் புக்ல வருமா?" வராது என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று எழுதினேன். அதற்கு அடுத்த வாரமும். பிறகு நிறுத்த முடியவில்லை. ரயிலில் எழுதினேன், சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன், நீதிமன்ற வராந்தாவில் எழுதினேன்.

அந்த வராந்தாவில்தான் அது நடந்தது. சின்ன வழக்குகளுக்கு என்னைத் தனியாக அனுப்புவார்கள். அன்று ஓர் அக்காவின் வழக்கு. ஷா ஆலாம் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். அன்றே முடிந்துபோக வேண்டிய சில்லறை விஷயம். நான் வாசலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனில் கதை எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். எனக்குக் கேட்கவில்லை. அந்த அக்கா தனியாக எழுந்து நின்று, மலாயில் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் திருதிருவென்று விழித்திருக்கிறார். வழக்கை இன்னொரு தேதிக்குத் தள்ளிவிட்டார்கள். நான் ஓடிப்போய் நின்றபோது அவர் வெளியே வந்துகொண்டிருந்தார். "பரவால்லமா, திரும்ப லீவு கேட்டுக்கிறேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது, ஒன்றை விட வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது. விட வேண்டியது கதையைத்தான் என்று யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். எனக்கு மனம் வரவில்லை. பயிற்சி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது மாஸ்டரிடம் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. "யோசிச்சுக்கோ. மனசு மாறினா சொல்லு, விட்ட இடத்துலேர்ந்து தொடர முடியுமான்னு பாக்கலாம். ஆனா ரொம்ப நாள் இழுக்காத" என்றார்.

அம்மா கேட்டது ஒரே கேள்வி. "அப்போ நான் சபையில சொன்னது?"

அதை அவர் திரும்பக் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், வீட்டில் ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கும். அவர் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டார். ஆண்டவர் பேரைச் சொல்லி சபை முன்னால் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டதாக நம்பினார். பொய்ச்சாட்சி சொன்ன வாயால் அப்பத்தைத் தொடமாட்டேன் என்று அப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். போதகர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பேசினார். அம்மா அவருக்குத் தேநீர் கலந்து கொடுத்து, தலையாட்டிக் கேட்டு, அடுத்த முதல் ஞாயிறும் உட்கார்ந்தே இருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்தகம் போட்டேன். என் புத்தகத்தைப் பார்த்தால் அம்மா தலை நிமிர்ந்துவிடுவார், எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். யாரிடமும் படிக்கவில்லை. இணையத்தில் பார்த்துப் பார்த்துப் பக்கம் வடிவமைக்கக் கற்றேன். தைத்து மடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் வர வேண்டும் என்றுகூடத் தெரியாது. முப்பது பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசியில் இரண்டு வெற்றுப் பக்கத்தோடு வந்தது. அச்சகக்காரர், "மூக்கு சிந்த வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். பிள்ளைகள் படம் வரையட்டும் என்று சமாளித்தேன். பெட்டிகள் வரவேற்பறையை அடைத்துக்கொண்டன. அப்பா கால் இடித்துக்கொள்ளும்போதெல்லாம், "கிரேன விட்டுட்டு வந்தது தப்பாப் போச்சு" என்பார். புத்தகம் விற்றது, விற்காதது போலவும் இருந்தது. அம்மா ஒரு பிரதியை எடுத்து அட்டையைத் தடவிப் பார்த்து அலமாரியில் வைத்தார். அவ்வளவுதான். அந்த மாதமும் எழவில்லை.

அதுவரை நான் ஜெபித்ததெல்லாம், "ஆண்டவரே, இந்தப் புத்தகத்தை ஆசீர்வதியும், அம்மா தலை நிமிரட்டும்" என்றுதான். யோசித்துப் பார்த்தால் அது அம்மாவுக்கான ஜெபமே இல்லை. என் குற்ற உணர்ச்சி தீர வேண்டும் என்ற ஜெபம். மே மாதத் திருவிருந்தில் நான் முழங்காலில் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தேன். காலியான வரிசையில் அம்மா ஒற்றையாக உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து ஜெபத்தை மாற்றினேன். "அம்மாவை இந்த இடத்துக்குக் கொண்டுவாரும். அதற்கு என்னிடமிருந்து எதை எடுத்தாலும் சரி" என்று தினமும் கேட்டேன். வாய்ப்பேச்சாகக் கேட்கவில்லை. மெய்யாகவே கேட்டேன்.

மே மாதக் கடைசியில் மாஸ்டரிடமிருந்து போன் வந்தது. "கடைசியா கேக்கறேன். திங்கக்கிழமை வர்றியா? இல்லாட்டி உன் இடத்துக்கு வேற ஆள எடுக்கணும்" என்றார். இதுதான் என் ஜெபத்துக்குப் பதில் என்று முடிவு செய்தேன். நான் திரும்பிப் போனால் அம்மா சொன்னது பொய்யாகாது. எழுத்தை விட்டுவிடலாம். ஆண்டவர் கேட்பது அதைத்தான். வர்றேன் என்றேன். அம்மாவிடம் சொன்னேன். சாயங்காலம் அவர் என் கறுப்புக் கோட்டைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஞானப்பாட்டு. அவர் பாடிக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நான் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் அம்மா என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார். தேவையே இல்லை, ஆனாலும் வந்தார். பிளாட்பாரத்தில் மெர்சி ஆன்டி நின்றுகொண்டிருந்தார். மாதர் சங்கத்துக்காரர், எனக்காக உபவாசம் இருந்தவர்களில் முதல் ஆள்.

"அட, பிரிசி! கறுப்புக் கோட்டு! மறுபடியும் கோர்ட்டுக்கா?"

"ஆமா ஆன்டி."

"ஸ்தோத்திரம்! நான் அப்பவே சொன்னேன்ல அக்கா, ஆண்டவர் விடமாட்டார்னு! சந்தோஷமா பிரிசி?"

"ரொம்ப சந்தோஷம் ஆன்டி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சின்ன வயசுலேர்ந்து இதுக்குத்தானே ஆசைப்பட்டேன். இந்தப் புத்தகம் கித்தகம் எல்லாம் சும்மா லா, ஒரு பைத்தியம். தெளிஞ்சிடுச்சு."

மெர்சி ஆன்டி சிரித்துக்கொண்டே பெண்கள் பெட்டி நிற்கிற இடத்துக்கு நகர்ந்தார். ரயில் வருகிற சத்தம் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்தார்.

"இப்போ என்ன சொன்ன?"

"எதும்மா?"

"பைத்தியம், தெளிஞ்சிடுச்சுன்னு சொன்னியே. உண்மையா?"

"ஒரு பேச்சுக்குத்தான்மா. விடுங்க, டிரெயின் வந்துருச்சு."

"பேச்சுக்கா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் ஒருத்தி சொன்ன பொய் போதாதா? அத மூட நீ தினமும் காலையில கோட்டப் போட்டுக்கிட்டு ஒரு பொய் சொல்லணுமா? நாளைக்கு மெர்சி கேப்பா, நாளான்னைக்கு பாஸ்டர் கேப்பாரு. ஆயுசு முழுக்கச் சொல்லுவியா?"

"அம்மா, மாஸ்டர் காத்துக்கிட்டு இருப்பாங்க."

"நான் போன் பண்ணிப் பேசறேன்."

"ஐயோ, நீங்க வேணாம்மா!"

"அப்போ நீ பேசு. ஏறாத. வா வீட்டுக்கு."

கதவு மூடியது. ரயில் நகர்ந்தபோது ஜன்னலுக்கு உள்ளேயிருந்து மெர்சி ஆன்டி வாயைத் திறந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு போனார். நானும் அம்மாவும் பிளாட்பாரத்தில் நின்று அழுதோம். கறுப்புக் கோட்டில் நான் அழுததைப் பார்த்து யாரோ ஒரு வயதான மலாய்க்கார மக்சிக் டிஷ்யூ கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் ஏதோ சாவு என்று நினைத்திருப்பார்.

மாஸ்டருக்கு நான்தான் போன் செய்தேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "சரி. இனிமே நீயும் கேக்காத, நானும் கேக்கமாட்டேன்" என்று வைத்துவிட்டார். அவருக்கு அவ்வளவு கோபம் இருந்தது நியாயம்தான். அவர் நம்பிக்கையை இரண்டு தடவை உடைத்தவள் நான். இன்றுவரை பிரிக்பீல்ட்ஸில் அந்தத் தெருவைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

அடுத்த ஞாயிறு ஜூன் மாதத்தின் முதல் ஞாயிறு. போதகர் வழக்கம்போல, "சாட்சி சொல்கிறவர்கள் இருந்தால் வரலாம்" என்றார். அம்மா எழுந்தார். அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். எங்களிடம் அம்மா முன்கூட்டி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"நான் இங்க நின்னு, என் மகள் வக்கீலாயிட்டான்னு விசுவாசத்துல சொன்னேன்" என்றார் அம்மா. "அது விசுவாசம் இல்ல. என் ஆசை. ஆண்டவர் சொல்லாதத அவர் சொன்ன மாதிரி சொல்லிட்டேன். அந்தச் சாட்சிய நான் திரும்ப வாங்கிக்கறேன். என் மகளுக்காகப் பட்டினி கிடந்தவங்க எல்லாரும் என்னைய மன்னிச்சிருங்க. என் மகமேல யாருக்கும் வருத்தம் வேணாம். அவ யாரையும் ஏமாத்தல."

சாட்சி சொல்லிப் பார்த்திருக்கிறோம், சாட்சியைத் திரும்ப வாங்கி யாரும் பார்த்ததில்லை. ஆமென் சொல்வதா, அல்லேலூயா சொல்வதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நான் எழுந்து போய் அம்மா பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். போகவில்லை. இதை எழுதுகிறபோதும் அதுதான் குத்துகிறது.

எழுந்தது மெர்சி ஆன்டி. நேரே முன்னால் போய் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, மன்னிச்சிட்டோம். ஆனா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்து எனக்கு கேஸ்ட்ரிக் வந்துச்சு, அதுக்குத் தனியா ஒரு மன்னிப்புக் கேளுங்க" என்றார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் சபை முழுக்கக் கேட்டுவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார், அழுதுகொண்டே.

திருவிருந்துக்கு எங்கள் வரிசை எழுந்தது. அம்மா கைப்பையை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் முழங்கால் போட்டதையும், இரண்டு கையையும் நீட்டியதையும் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தேன். ஆம், இந்தத் தடவை எழ முடியாமல் போனது எனக்கு. என் வாயிலிருந்து வர வேண்டிய மன்னிப்பெல்லாம் அம்மா வாயிலிருந்து வந்துவிட்டது. எந்த முகத்தோடு போவது?

அம்மா திரும்பி வந்து என் முழங்காலைத் தட்டினார். "போ."

"எனக்குத் தகுதி இல்லம்மா."

"தகுதி இருக்கறவங்களுக்கா வச்சிருக்கு? நானே போய்ட்டு வந்துட்டேன். போ பிரிசி, போதகர் நிக்கறாரு."

கடைசி ஆளாகப் போனேன்.

இன்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேல்மாடியில் சின்ன அறை எடுத்துப் பதிப்பகம் நடத்துகிறேன். பக்கங்களை இப்போது நான்கு நான்காகத்தான் வைக்கிறேன். ஒரு கதை எழுதி அச்சுக்குப் போகும் முன் அம்மா தாடிகாவில் வாசித்துப் பார்க்கிறார். பிள்ளைகள் எந்த இடத்தில் நெளிந்தார்கள் என்று வந்து சொல்கிறார். யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "புத்தகம் போடறா" என்கிறார். பெருமையும் சேர்ப்பதில்லை, பெருமூச்சும் விடுவதில்லை. உள்ளதைச் சொல்கிறார். அந்தத் தொழிற்சாலை அக்காவுக்காகவும், மாஸ்டருக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். குற்ற உணர்ச்சி போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் அது என்னை நசுக்குவதில்லை. என்னைப் பொய் பேச விடாமல் பார்த்துக்கொள்கிறது.

அன்பானவர்களே, பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறீர்கள். விடாமல் ஜெபியுங்கள். ஆனால் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். என்ன வேலைக்குப் போக வேண்டும் என்று ஆண்டவருக்குப் பாடம் எடுக்காதீர்கள். பெற்றோரை நோகடித்துவிட்டு அழுகிற பிள்ளைகளே, நீங்களும் பயப்படாமல் கேளுங்கள். அவர் கேட்கிறார். எனக்குக் கேட்டார். என்னிடமிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் என்றுதான் நான் கேட்டேன். அவர் என்னிடமிருந்து ஒன்றும் எடுக்கவில்லை. அம்மா தன் வார்த்தையை விட்டுக்கொடுத்தார், சபை முன்னால் நின்று. என் ஜெபத்துக்கு விலை கொடுத்தது அம்மா.

அதற்கு நான் இன்னும் அம்மாவிடம் நன்றி சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, வாய் வரவில்லை. இது அச்சில் வந்ததும் சமையலறைக்கு எடுத்துப்போய், அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டப் போகிறேன்.